ஓய்வுக்காலம் முழுவதும் ஆர்.வி.யில்: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றுவிட்டு, அடுப்பும் படுக்கையும் கழிவறையும் உள்ளடங்கிய ஆர்.வி. வண்டியிலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் பலர் உண்டு. நானும் என் மனைவியும் 2019 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து 2023 செப்டம்பர் முடிய, 54 மாதங்கள் அப்படி வாழ்ந்தோம். நான்கு ஆண்டு ஓடிய, 29 அடி நீளமுள்ள, ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீளும் 'சி' வகை வண்டிதான் எங்கள் வீடு. அந்த வாழ்க்கையை நாங்கள் மனமார நேசித்தோம். இன்றும் அதிகாலையில் பாலைவனக் குளிரில் கதவைத் திறந்து காபியோடு படியில் உட்கார்ந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால், "வீட்டை வைத்திருப்பதைவிட இது மலிவுதானே?" என்று கேட்கும் நண்பர்களிடம், மலிவு என்று எண்ணிப் புறப்படாதீர்கள் என்றே சொல்லி வருகிறேன். வீட்டுவரியும் புல்வெட்டும் கூலியும் நின்றுபோவது உண்மை. அவற்றின் இடத்தில் இட வாடகை, எரிபொருள், பழுது ஆகியவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதோடு, வீடு பெரும்பாலும் விலை ஏறும் சொத்து. வண்டியோ நிச்சயமாக விலை இறங்கும் பொருள். அதனால்தான் இந்த வழிகாட்டி வண்டி வாங்குவதிலிருந்து அல்லாமல், வண்டியை விட்டுத் திரும்பும் நாளிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: திரும்பி வரும் பணத்தை எடுத்து வையுங்கள்

முழுநேர ஆர்.வி. வாழ்க்கையை யாரும் கடைசிவரை வாழ்வதில்லை. முழங்கால் வலி, கண்புரை, இரவில் ஓட்ட முடியாமை, ஒருவரின் மறைவு, பேரக்குழந்தையின் வரவு என்று ஏதோ ஒன்று ஒருநாள் வண்டியை நிறுத்தச் சொல்லும். அன்று உங்களிடம் இருப்பது விலை இறங்கிய வண்டி மட்டும்தான் என்றால், வயதும் உடல்நிலையும் நெருக்கும் வேளையில் பணமும் சேர்ந்து நெருக்கும். ஆகவே ஓராண்டு வாடகை, முன்பணம், அடிப்படைத் தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றுக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, வண்டியே எரிந்து போனாலும் அதைத் தொடுவதில்லை என்று இருவரும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பது அடுத்த முடிவு. இதில் பலர் கவனிக்காத வரி விதி ஒன்று உண்டு. விற்பனைக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மொத்தம் இரண்டு ஆண்டுகளாவது அந்த வீட்டில் சொந்தக்காரராகக் குடியிருந்திருந்தால், தனிநபருக்கு 2,50,000 டாலர் வரையும் சேர்ந்து வரி செலுத்தும் தம்பதிக்கு 5,00,000 டாலர் வரையும் விற்பனை லாபத்துக்குக் கூட்டாட்சி வருமான வரி கிடையாது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான்கு ஆண்டுகள் ஊர் சுற்றிவிட்டு விற்றால் இந்தச் சலுகை கைநழுவிப் போகும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீடாக இருந்தால் அந்த வரியே ஒரு வண்டியின் விலைக்குச் சமமாகலாம். எனவே வாடகைக்கு விடுவதானால், மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முதல் ஆண்டில் வாடகைக்கு விட்டுப் பார்த்துவிட்டு, இந்த வாழ்க்கை ஒத்துவருகிறது என்று உறுதியான பிறகு விற்பதே நல்லது என்பது என் கருத்து.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. எடுத்த எடுப்பில் விற்றோம். 2020க்குப் பிறகு வீட்டு விலைகள் ஏறிய வேகத்தில், திரும்பி வந்தபோது எங்கள் பழைய தெருவில் அதே அளவு வீட்டை வாங்க எங்களால் இயலவில்லை. இப்போது மகள் வீட்டருகே இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தனியே ஒதுக்கி வைத்திருந்த பணம்தான் அதற்கு வழிசெய்தது.

இரண்டாம் படி: மருத்துவக் காப்பீடு

வண்டியைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 65 வயது நிறைந்து, மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைப்பவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. அரசு நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரை வைத்துக்கொண்டால், நாட்டின் எந்த மாநிலத்திலும் மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் செல்லலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சந்தா குறைவு, பல், கண் என்று கூடுதல் வசதிகளும் உண்டு. ஆனால் அது உங்கள் முகவரி உள்ள கவுன்டியையும் (மாவட்டம் போன்ற பிரிவு) அங்குள்ள மருத்துவர் வலையமைப்பையும் சார்ந்தது. அவசர சிகிச்சையை எங்கும் பெறலாம் என்றாலும், வழக்கமான சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கும் இதய மருத்துவரைப் பார்ப்பதற்கும் ஆயிரம் மைல் திரும்பி வர வேண்டியிருக்கும். பொதுவாக, திட்டத்தின் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் தங்கினால் அதிலிருந்து நீக்கப்படவும் கூடும். ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு அசல் மெடிகேர்தான் பொருந்தும்.

அசல் மெடிகேரில், மருத்துவரிடம் காட்டும் செலவுக்கான 'பி' பகுதியில் 20 சதவீதச் செலவு நம்முடையது. அதற்கு உச்சவரம்பு இல்லை. இந்த ஓட்டையை அடைப்பதுதான் மெடிகேப் எனப்படும் துணைக் காப்பீடு. 65 வயது நிறைந்து 'பி' பகுதியில் சேர்ந்த மாதத்திலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் எந்த நோய் இருந்தாலும் நிறுவனம் மறுக்க முடியாது. அந்த ஆறு மாதங்கள் கடந்துவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் உடல்நிலையை ஆராய்ந்து மறுக்கவும் சந்தாவைக் கூட்டவும் அவர்களுக்கு உரிமை உண்டு. முதலில் மலிவான அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, இரண்டாண்டு கழித்து ஆர்.வி. ஆசை வந்து மாற முயன்று, சர்க்கரை நோயைக் காட்டி மறுக்கப்பட்ட ஒரு தம்பதியை எனக்குத் தெரியும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. மருத்துவமனையில் தங்கும் செலவுக்கான மெடிகேரின் 'ஏ' பகுதி சந்தா இல்லாமல் கிடைக்க நீங்களோ உங்கள் துணைவரோ 40 காலாண்டுகள், அதாவது ஏறத்தாழ பத்து ஆண்டுகள், சோஷியல் செக்யூரிட்டி வரி செலுத்தி வேலை பார்த்திருக்க வேண்டும். நடுவயதில் இங்கு வந்தவர்கள் இந்தக் கணக்கை முதலில் சரிபார்க்க வேண்டும். இரண்டாவதாக, இந்தியாவுக்குச் செல்லும் மாதங்களில் மெடிகேர் உங்களுடன் வராது. மெடிகேப் திட்டங்களில் சில, வெளிநாட்டுப் பயணத்தின் முதல் 60 நாட்களில் நேரும் அவசர சிகிச்சையில், 250 டாலருக்கு மேற்பட்ட செலவில் 80 சதவீதத்தை, வாழ்நாளில் 50,000 டாலர் வரை ஏற்கின்றன. அதற்கு மேல் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

65 வயதுக்கு முன்பே ஓய்வு பெறுபவர்களின் நிலை இன்னும் கடினம். சந்தையில் கிடைக்கும் காப்பீடுகள் பெரும்பாலும் ஒரு மாநிலத்துக்குள் அடங்கிய மருத்துவர்களையே கொண்டவை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் மனைவிக்கு 65 ஆகும்வரை நாங்கள் புறப்படுவதைத் தள்ளிப்போட்டோம்.

மூன்றாம் படி: சட்டப்படி ஓர் ஊர்

சக்கரத்தில் வாழ்ந்தாலும் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, வரி, காப்பீடு எல்லாவற்றுக்கும் ஒரு மாநிலம் வேண்டும். முழுநேரமாகப் பயணிப்பவர்கள் பெரும்பாலும் தெற்கு டகோட்டா, டெக்சஸ், ஃபுளோரிடா ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. மூன்றிலும் கடிதங்களைப் பெற்று அனுப்பித் தரும் நிறுவனங்கள் உள்ளன. டெக்சஸின் லிவிங்ஸ்டன் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்கேப்பீஸ் என்ற அமைப்பு, ஜோ, கே பீட்டர்சன் தம்பதியால் 1978இல் தொடங்கப்பட்டது. அதன் கடிதச் சேவையை முகவரியாகக் கொண்டிருப்பவர்கள் ஏராளம். வயது முதிர்ந்து பயணத்தை நிறுத்தியவர்கள் தம் வண்டியிலேயே தங்கி, உணவும் பகல்நேரக் கவனிப்பும் பெறும் 'கேர்' என்ற மையமும் அங்கேயே உள்ளது. முதல் படியில் சொன்ன திரும்பும் வழிகளில் அதுவும் ஒன்று.

தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெறலாம். வண்டி வாங்கும்போது செலுத்தும் வரியும் அங்கே 4 சதவீதம்தான். டெக்சஸில் அது 6.25, ஃபுளோரிடாவில் 6. எண்பதாயிரம் டாலர் வண்டிக்கு 3,200 டாலரா, 5,000 டாலரா என்பது சிறிய வேறுபாடன்று. ஆனால் தெற்கு டகோட்டா 2023இல் வாக்காளர் பதிவுக்கு 30 நாள் குடியிருப்பு என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. வாக்களிப்பதைப் பெரிதாக மதிப்பவர்கள் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய மாநிலத்துடனான தொடர்பைத் தெளிவாக முறித்துக்கொள்வதும் முக்கியம். கலிஃபோர்னியா போன்ற மாநிலத்திலிருந்து கிளம்புபவர், அங்கே வீடும் மருத்துவரும் வங்கிப் பெட்டகமும் அப்படியே வைத்துக்கொண்டு வேறிடத்தில் குடியிருப்பதாகச் சொன்னால், வரித்துறை கேள்வி கேட்கும்.

கடிதச் சேவையில் சேர அஞ்சல் துறையின் 1583 எண் படிவத்தை அடையாளச் சான்றுகளுடன் நிரப்பித் தர வேண்டும். கிரீன் கார்டில் இருப்பவர்கள் முகவரி மாறிய பத்து நாட்களுக்குள் ஏஆர்-11 படிவம் வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். உயிலும் மருத்துவ முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரமும் புதிய மாநிலத்தின் சட்டப்படி மீண்டும் எழுதப்பட்டு, அவற்றின் நகல் வண்டியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: மாதக் கணக்கு

எங்கள் குறிப்பேட்டின் அடிப்படையில், இன்றைய விலைக்கு ஏற்றபடி, ஆடம்பரம் இல்லாத இருவருக்கான கணக்கைத் தருகிறேன். இட வாடகையே மிகவும் ஏறி இறங்கும் செலவு. தனியார் பூங்காக்களில் ஓர் இரவுக்கு 40 முதல் 80 டாலர் வரை ஆகும். அதே பூங்காவில் மாதக் கணக்கில் தங்கினால் 600 முதல் 900 டாலரில் முடியும், மின்கட்டணம் தனி. ஆகவே செலவைத் தீர்மானிப்பது நீங்கள் எத்தனை முறை இடம் மாறுகிறீர்கள் என்பதே. வாரம் ஓர் ஊர் என்று ஓடிய முதல் ஆண்டில் எங்களுக்கு ஆன செலவில் முக்கால் பங்கே, மாதம் ஓர் ஊர் என்று அமைதியடைந்த மூன்றாம் ஆண்டில் ஆயிற்று. எரிபொருளும் அப்படியே. எங்கள் வண்டி கேலனுக்கு எட்டு மைல் தந்தது. மாதம் ஆயிரம் மைல் ஓடினால் 125 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றால் ஏறத்தாழ 440 டாலர்.

இட வாடகையும் மின்சாரமும் 900, எரிபொருள் 450, வண்டிக்கும் பின்னால் இழுத்துச் சென்ற சிறிய காருக்கும் காப்பீடு 300, தொலைபேசியும் இணையமும் 220, புரொப்பேன் 50, சலவை 40, உணவு 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெடிகேர் 'பி' பகுதிக்கு 2025இல் ஒருவருக்கு மாதம் 185 டாலர். அதையும் துணைக் காப்பீட்டையும் மருந்துக் காப்பீட்டையும் சேர்த்து இருவருக்கும் மொத்தம் 750 ஒதுக்குங்கள். பழுதுக்கு மாதம் 400 கட்டாயம். சில மாதங்களில் ஒரு டாலரும் செலவாகாது, ஒரு மாதத்தில் மூவாயிரம் போகும். இவற்றைக் கூட்டினால் 3,900 டாலரைத் தாண்டுகிறது. பரிசுகளும் விமானப் பயணமும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கில் பலரும் எழுதாமல் விடும் செலவு ஒன்று உண்டு. நாங்கள் 62,000 டாலருக்கு வாங்கிய வண்டியை 38,000 டாலருக்கு விற்றோம். இழந்த 24,000 டாலரை 54 மாதங்களால் வகுத்தால் மாதம் 444 டாலர் வருகிறது. அது கையிலிருந்து யாருக்கும் எண்ணிக் கொடுக்காத பணம் என்பதால் கண்ணில் படுவதில்லை, ஆனால் வாடகையைப் போலவே அதுவும் செலவுதான். புதிய வண்டி என்றால் முதல் ஆண்டிலேயே விலையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வணிகத்தில் உள்ளவர்களே சொல்கிறார்கள். பதினைந்து, இருபது ஆண்டுக் கடனில் வாங்கினால், வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி கூடுதலாக நிற்கும் ஆண்டுகள் பல. ஓய்வுக்காலத்தில் அந்தக் கண்ணியில் சிக்க வேண்டாம். ரொக்கமாக வாங்க முடிந்த வண்டியையே வாங்குங்கள்.

வாடகையைக் குறைக்க நல்ல வழிகள் உண்டு. 62 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் வாழ்நாள் முழுமைக்கும் செல்லும் மூத்தோர் அனுமதி அட்டையை 80 டாலருக்குப் பெறலாம். தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதோடு, கூட்டாட்சி அரசின் பல முகாம்களில் பாதிக் கட்டணம் மட்டுமே. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு அணைக்கட்டுகளை ஒட்டி நடத்தும் முகாம்களில் இந்த அட்டையோடு தங்கியவை எங்கள் பயணத்தின் மிகச் சிறந்த நாட்கள். பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்தின் திறந்த நிலங்களில் பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரை ஒட்டிய லா போசாவில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்களும் தங்குவதற்கான அனுமதி பல ஆண்டுகளாக 180 டாலராகவே இருந்து வந்தது. அதாவது ஒரு பனிக்காலம் முழுவதற்கும் தனியார் பூங்காவின் நான்கு நாள் வாடகை. ஆனால் அங்கே மின்இணைப்பு இல்லை; கூரைச் சூரியத் தகடும் நல்ல மின்கலமும் வேண்டும், அவற்றுக்குச் சில ஆயிரம் டாலர் முன்னதாகவே செலவாகும். கேம்ப் ஹோஸ்ட் எனப்படும் முகாம் பொறுப்பாளராக வாரம் இருபது, முப்பது மணி நேரம் உழைத்தால் இடம் இலவசம். கழிவறை கழுவுவதும் அடுப்புச் சாம்பல் அள்ளுவதும் அந்த வேலையில் அடக்கம் என்பதை முன்னரே தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எந்த வண்டி

பேருந்து போன்ற 'ஏ' வகை, வேன் அளவிலான 'பி' வகை, ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீளும் 'சி' வகை ஆகியவை தாமே ஓடுபவை. டிராவல் டிரெய்லரும், பிக்கப் டிரக்கின் தொட்டிக்குள் கொக்கி மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீலும் இழுத்துச் செல்பவை. முழுநேரம் குடியிருக்க இடவசதி மிகுந்தது ஃபிஃப்த் வீல். டிரக் பழுதானாலும் வீடு வீடாக நிற்கும் என்பது அதன் பெரிய நன்மை. 'சி' வகையில் இயந்திரம் பழுதானால் வீடே பட்டறைக்குப் போய்விடும், நாம் விடுதிக்குப் போக வேண்டும். நீளம் கூடக்கூட வசதி கூடும், போகக்கூடிய இடங்கள் குறையும். தேசியப் பூங்காக்களின் பழைய முகாம்கள் பலவற்றில் முப்பது அடிக்கு மேற்பட்ட வண்டி நுழையாது. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் மலையுச்சியைக் கடக்கும் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் அனுமதியே இல்லை. அந்தச் சாலையில் நாங்கள் சிறிய காரில் போனோம்.

பழைய வண்டி வாங்கும்போது தேசிய ஆர்.வி. பரிசோதகர் சங்கத்தின் சான்று பெற்ற ஒருவரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். கூரை, தரை, சுவர் மூலைகள் என்று நீர்க்கசிவுக்கான தடயத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆர்.வி. டயர்கள் தேய்ந்து போவதைவிட வயதாகி வெடிப்பதே அதிகம் என்பதால், ஆறு ஆண்டுகளைக் கடந்தவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வண்டிக்குள் ஒட்டப்பட்டுள்ள சுமைத் தாளையும் படியுங்கள். தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். அரிசி மூட்டை, பருப்பு, கிரைண்டர், புத்தகங்கள் என்று நாம் ஏற்றும் பாரம் நினைப்பதைவிட விரைவில் வரம்பைத் தொடும். பொருள்களோடு ஒருமுறை டிரக் நிறுத்தத்தில் உள்ள எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பத்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைச் சில தனியார் பூங்காக்கள் ஏற்பதில்லை. மலிவுக்காக மிகப் பழையதை வாங்குபவர்கள் இதையும் விசாரிக்க வேண்டும்.

ஆறாம் படி: ஒத்திகை

வாங்குமுன் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு வண்டியை வாடகைக்கு எடுங்கள். இலையுதிர்காலத்தின் இதமான இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுத்து மயங்கிவிடாமல், ஒரு வாரமாவது நல்ல வெயிலிலோ தொடர் மழையிலோ கழியட்டும். மழைநாளில் 200 சதுர அடிக்குள் இருவரும் காலை முதல் இரவுவரை இருந்து பார்த்தால்தான், யாருக்கு எங்கே தனிமை வேண்டும் என்பது புரியும். கணவர் மட்டும் ஓட்டுவது என்ற ஏற்பாட்டோடு ஒருபோதும் புறப்படாதீர்கள். என் மனைவி ஒரு வெறுமையான பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பழகி ஓட்டக் கற்றுக்கொண்டார். நியூ மெக்சிகோவில் எனக்குச் சிறுநீரகக் கல் வலி வந்த இரவில், மருத்துவமனைக்கு 60 மைல் ஓட்டிச் சென்றவர் அவர்தான்.

ஏழாம் படி: தண்ணீரும் மின்சாரமும்

குழாயைத் திறந்தால் தண்ணீர், அழுத்தினால் கழிவு மறையும் என்ற வீட்டுப் பழக்கம் இங்கே செல்லாது. நல்ல நீர், குளியல் மற்றும் பாத்திரம் கழுவிய நீர், கழிவறை நீர் என்று மூன்று தொட்டிகள். கழிவுக் குழியில் வெளியேற்றும்போது கையுறை அணிந்து, குழாயின் இரு முனைகளும் இறுகப் பொருந்தியுள்ளனவா என்று திருகிப் பார்த்து, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது முழுதாக வடிந்தபின் சோப்பு நீர்த் தொட்டியைத் திறந்தால், அந்த நீரே குழாயை அலசிவிடும். பிறகு கழிவறைத் தொட்டிக்குள் சில கேலன் புதுநீர் ஊற்றி வையுங்கள். வறண்ட தொட்டியில் கழிவு காய்ந்து மேடாக நின்றுவிடும். நம் சமையலில் எண்ணெயும் புளிக்கரைசலும் பாத்திரத்தில் ஒட்டுவது அதிகம் என்பதால், கழுவுமுன் தாளால் துடைத்துக் குப்பையில் போடும் பழக்கம் வேண்டும். அது எங்கள் தொட்டியை இரண்டு நாள் கூடுதலாகத் தாங்க வைத்தது.

30 ஆம்பியர் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான் கிடைக்கும். குளிர்சாதனம் 1,500, மின் பிரஷர் குக்கர் 1,000, மைக்ரோவேவ் 1,500 என்றால் மூன்றையும் ஒருசேர இயக்க முடியாது. இட்லி மாவு அரைக்கும் நாளில் குளிர்சாதனம் ஓடலாம். சாம்பார் குக்கரில் இருக்கும்போது மைக்ரோவேவைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. பூங்காக்களின் பழைய மின்கம்பங்களில் மின்னழுத்தம் தாறுமாறாக இருக்கும். முந்நூறு டாலர் மதிப்புள்ள மின்காப்புக் கருவி ஒன்றை முதல் நாளே வாங்குங்கள். நீர் இணைப்பில் அழுத்தக் குறைப்பானும் அவசியம்.

இவையெல்லாவற்றையும்விட ஆர்.வி.யின் பெரிய பகை மேலிருந்து வரும் நீர்தான். இரண்டாம் ஆண்டின் இறுதியில், படுக்கைக்கு மேலே அலமாரியின் மூலையில் உள்ளங்கை அளவு பழுப்புக் கறையைக் கண்டேன். விரலால் அழுத்தினேன், பலகை, காபியில் ஊறிய ரஸ்க் போல உள்வாங்கியது. கூரையில் காற்றுத் துளையைச் சுற்றிப் பூசியிருந்த, கசிவைத் தடுக்கும் பசையான சீலன்ட்டில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, அவ்வளவுதான். பட்டறை ஒன்று இரண்டு வாரத்தில் தருவதாக வாங்கி ஆறு வாரம் வைத்திருந்தது. செலவு 4,200 டாலர், தவிர எங்கள் தங்கும் செலவு. நிறுவனத்தின் நீட்டித்த உத்தரவாதம், நீர்க்கசிவு பராமரிப்புக் குறைவால் வந்தது என்று சொல்லிக் கைவிரித்தது. பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஒரு டியூப் சீலன்ட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமும் அதைத் தடுத்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கூரைக்கு ஏறி, ஒவ்வொரு இணைப்பு விளிம்பையும் கையால் தடவிப் பார்த்து, படமெடுத்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதினேன். எழுபது வயதுக்கு மேல் கூரையேற முடியாதவர்கள் இதற்கு ஆள் வைக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எட்டாம் படி: எதை விட்டுக்கொடுக்கிறோம்

பணத்தில் எழுத முடியாத சில உண்டு. ஒரே மருத்துவரிடம் பல ஆண்டு பழகும் உறவு போய்விடும். நவராத்திரிக்குக் கொலு வைக்க இடமில்லை. என் மனைவி மூன்று பொம்மைகளை மட்டும் ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெள்ளிக்கிழமைக் கோயில், மாதாந்தரத் தமிழ்ச் சங்கக் கூட்டம் என்று பழகியவர்களுக்கு முதல் ஆறு மாதம் கனமாக இருக்கும். பனிக்காலத்தை எங்கே கழிப்பது என்று திட்டமிடும்போது இதையும் எண்ணுங்கள். ஹியூஸ்டனை அடுத்த பியர்லாந்தின் மீனாட்சி கோயிலுக்கு அரைமணி தூரத்தில் நாங்கள் இரண்டு பனிக்காலங்களைக் கழித்ததற்கு அதுவே காரணம். 2020 மார்ச்சில் கலிஃபோர்னியா உள்ளிட்ட பல இடங்களில் அரசுப் பூங்கா முகாம்கள் மூடப்பட்டபோது, வண்டியையே வீடாகக் கொண்டவர்கள் போக இடமின்றித் தவித்ததையும் மறக்க முடியாது. மகள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் என்ற ஒரு சொல் அன்று எவ்வளவு பெரியதாக இருந்தது! உங்களுக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கிறதா, அந்த ஊர்ச் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்று புறப்படுமுன் கேட்டு வையுங்கள்.

ஒன்பதாம் படி: விற்கும் நாள்

இருவரில் ஒருவர் ஓட்டத் தயங்கும் பருவம் வந்ததுமே விற்கத் தொடங்குங்கள்; இருவரும் ஓட்ட முடியாத நிலையில் விற்பவருக்கு விலை கிடைக்காது. வாங்குபவர்கள் கோடைக்கு முன், பிப்ரவரி முதல் மே வரை தேடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் விற்றால் பனிக்காலம் முழுவதும் நிறுத்திவைக்கும் செலவை அவர்கள் விலையில் கழிப்பார்கள். நாங்கள் உடல்நிலை காரணமாகச் செப்டம்பரில்தான் விற்க நேர்ந்தது. பார்க்க வந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், ஓய்வு பெறக் காத்திருப்பவர். இயந்திரத்தைக்கூடத் திறக்கச் சொல்லாமல் நேராக ஏணியில் ஏறி, கூரையின் சீலன்ட்டை விளிம்பு விளிம்பாக விரலால் தடவினார். இறங்கி வந்ததும் பராமரிப்புக் குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், முதல் பக்கத்திலிருந்து படித்தார், பிறகு விலையைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்.